விலைக் கோடுகள் குறி சொல்லுமா?

ஒரு வரைபடத் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளின் இடது ஓரத்தில், நடு உயரத்தில், 100 என்று குறித்து ஒரு புள்ளி வையுங்கள். இனி நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அடுத்த புள்ளி ஒரு கட்டம் மேலே. பூ விழுந்தால் ஒரு கட்டம் கீழே. இப்படி அறுபது முறை சுண்டி, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

கிடைத்த கோட்டைச் சற்று எட்ட வைத்துப் பாருங்கள். அதில் ஏற்றம் இருக்கும், இறக்கம் இருக்கும். இரண்டு சிகரங்கள் அடுத்தடுத்து நிற்கலாம். ஒரு மட்டத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிய கோடு, திடீரென அதைத் தாண்டி மேலே போயிருக்கலாம். பங்குச் சந்தை வரைபடங்களைப் படிப்பவரிடம் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லுவார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பர்ட்டன் மால்கியெல் தம் மாணவர்களைக் கொண்டு இதையே செய்து பார்த்ததை 1973இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். நாணயம் சுண்டி வரைந்த படம் ஒன்றை வரைபட நிபுணரான நண்பரிடம் காட்டினாராம். "இது எந்தக் கம்பெனி? உடனே வாங்கியாக வேண்டும்" என்று துள்ளிக் குதித்தாராம் அந்த நண்பர்!

இது வெறும் வேடிக்கையாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. இன்று பங்கு வாங்கி விற்கும் கைபேசிச் செயலி எதைத் திறந்தாலும் விலைக் கோட்டின் மேலும் கீழும் வண்ண வண்ணமாக வேறு பல கோடுகள் ஓடுகின்றன. இவற்றைக் குறிகாட்டிகள் என்கிறார்கள். இவற்றைப் பார்த்து வாங்குவது, விற்பது என்று முடிவு செய்யும் முறைக்கு டெக்னிக்கல் அனாலிசிஸ் என்று பெயர். (சரக்கைவிடப் பெயர் கனமானது என்பது என் எண்ணம். தொழில்நுட்பம் என்று சொல்ல இதில் கூட்டல், கழித்தல், வகுத்தலைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.) கம்பெனி என்ன செய்கிறது, அதற்கு லாபம் வருமா என்ற கேள்விகள் இதில் கிடையா. கடந்த நாட்களின் விலையும், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் மட்டும் போதும், வரப்போவதை அறியலாம் என்பதே இதன் அடிப்படை. கல்லூரி மாணவர்கள் முதல் ஓய்வு பெற்றவர்கள் வரை இதை நம்பிப் பணம் போடுகிறார்கள். அறிவியல் படிக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோடுகள் விலையில் உள்ள ஒன்றைக் காட்டுகின்றனவா, அல்லது நம் கணக்கே உண்டாக்கிய ஒன்றைக் காட்டுகின்றனவா?

சராசரி செய்யும் மாயம்

குறிகாட்டிகளில் மூத்தது நகரும் சராசரி. கடைசி பத்து நாள் விலைகளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் இன்றைய சராசரி. நாளை வந்ததும் பழைய முதல் நாளைத் தள்ளிவிட்டு நாளைய விலையைச் சேர்த்து மறுபடி வகுக்க வேண்டும். இப்படிப் பெற்ற எண்களை இணைத்தால், மேடு பள்ளம் நிறைந்த விலைக் கோட்டின் நடுவே வழுவழுப்பான ஒரு கோடு ஓடும். விலைக்கோடு இதைக் கீழிருந்து வெட்டி மேலே போனால் வாங்கு, மேலிருந்து கீழே போனால் விற்றுவிடு என்பது பழைய விதி.

இன்றைய சராசரியிலும் நாளைய சராசரியிலும் பத்தில் ஒன்பது எண்கள் பொதுவானவை. ஆகவே இரண்டும் அதிகம் வேறுபட முடியாது. மூல எண்கள் எப்படி இருந்தாலும் சராசரிக் கோடு அலை அலையாகத்தான் போகும். இதை மிகத் தெளிவாக நிறுவியவர் யெவ்கெனி ஸ்லுட்ஸ்கி என்ற ரஷ்யக் கணித அறிஞர். 1927இல் மாஸ்கோவில் அவர் செய்த சோதனை சுவையானது. அரசின் கடன் பத்திரக் குலுக்கலில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை வரிசையாக எழுதினார். குலுக்கல் எண்களில் எந்த ஒழுங்கும் இராது அல்லவா? அவற்றைப் பத்துப் பத்தாக, நகர்த்தி நகர்த்திக் கூட்டினார். கிடைத்த தொடர், பொருளாதாரத்தின் ஏற்றத் தாழ்வைப் போல அழகான அலைகளாக எழுந்து வீழ்ந்தது. இங்கிலாந்தின் 19ஆம் நூற்றாண்டு வணிக ஏற்றத் தாழ்வுக் கோட்டை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன! குலுக்கலில் வணிகச் சுழற்சி எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. கூட்டும் செயலே அலையைப் பெற்றெடுத்தது.

நீங்கள் வரைந்த நாணயப் படத்தின் மேலும் ஒரு நகரும் சராசரியைப் போட்டுப் பாருங்கள். "போக்கு" ஒன்று கண்ணுக்குத் தெரியும். நாணயத்துக்குப் போக்கு ஏது?

இன்னொரு குறையும் உண்டு. பத்து நாள் சராசரி இன்றைய நிலையைச் சொல்வதில்லை. ஏறத்தாழ நான்கரை நாளுக்கு முந்தைய நிலையைச் சொல்கிறது. நாட்களைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் பொய்க் குறிகள் கூடும். நாட்களைக் கூட்டினால் பொய்க் குறிகள் குறையும், ஆனால் குறி வருவதற்குள் விலை போய்விடும். வானொலிப் பொறியியல் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இரைச்சலை வடிகட்டினால் தாமதம் என்ற விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். எந்தக் குறிகாட்டியும் இதிலிருந்து தப்பியதில்லை.

கிரான்வில்லின் கணக்கு

விலையை மட்டும் பார்த்தால் போதாது, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும் என்றவர் ஜோசப் கிரான்வில். நியூயார்க்கில் ஒரு பெரிய தரகு நிறுவனத்தில் சந்தைக் கடிதம் எழுதிவந்தவர். 1963இல் தாம் வெளியிட்ட நூலில் ஆன்-பேலன்ஸ் வால்யூம் என்ற குறிகாட்டியைப் பரப்பினார். இன்றும் எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. கணக்கு மிக எளிது. இன்று முடிவு விலை நேற்றைவிடக் கூடியிருந்தால் இன்று கைமாறிய பங்குகள் முழுவதையும் கூட்டு. குறைந்திருந்தால் முழுவதையும் கழி. மாறாவிட்டால் சும்மா இரு. விலை அசையும் முன்னரே விவரம் அறிந்தவர்கள் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்ப்பார்கள், அது இந்தக் கூட்டுத்தொகையில் முன்னதாகவே தெரியும் என்றார் அவர்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கின் முடிவு விலை ஆறு நாட்களில் முறையே 100, 102, 101, 101, 101.05, 96 ரூபாய் என்க. இரண்டாம் நாள் முதல் கைமாறிய பங்குகள் 20, 30, 15, 50, 10 ஆயிரம். சுழியத்திலிருந்து தொடங்கினால் கூட்டுத்தொகை 20, பிறகு கழித்தல் 10, அதே 10, பிறகு கூட்டல் 40, கடைசியில் கூட்டல் 30 ஆயிரம். விலை 100இலிருந்து 96க்கு இறங்கிவிட்டது, குறிகாட்டியோ ஏறியிருக்கிறது. "பார்த்தீர்களா, யாரோ இரகசியமாகச் சேர்க்கிறார்கள், வாங்குங்கள்" என்பார் இதை நம்புபவர்.

இப்போது ஐந்தாம் நாள் விலையை மட்டும் 101.05க்குப் பதில் 100.95 என்று மாற்றுங்கள். பத்துப் பைசா வேறுபாடு. அந்த நாளின் 50 ஆயிரம் பங்குகள் கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போய்விடுகின்றன. முடிவுத் தொகை கழித்தல் 70 ஆயிரம்! கடைசி மணித்துளியில் யாரோ ஒருவர் நூறு பங்கு வாங்கினாரா விற்றாரா என்பதைப் பொறுத்து முடிவுத் தொகை ஓர் இலட்சம் பங்குகள் அளவுக்கு மாறிவிடுகிறது. பத்துப் பைசா ஏற்றத்துக்கும் பத்து ரூபாய் ஏற்றத்துக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியரை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

இதைவிட அடிப்படையான பிழை ஒன்றுண்டு. "இன்று வாங்கியவர்கள் அதிகம்" என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார். 50 ஆயிரம் விற்பனை என்றால் 50 ஆயிரம் கொள்முதல். எந்தப் பக்கம் அவசரப்பட்டது என்று வேண்டுமானால் கேட்கலாம். அதை முடிவு விலையின் திசை ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கைமாறும் எண்ணிக்கை எதையுமே சொல்லாது என்று நான் கூறவில்லை. இத்துறை ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஜோனதன் கார்ப்பாஃப் 1987இல் எழுதிய கட்டுரை, விலை பெரிதாக அசையும் நாட்களில் எண்ணிக்கையும் கூடுகிறது என்பதை உறுதிப்படுத்துகிறது. அசைவின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் உறவு உண்டு. கிரான்வில் கேட்டது அதுவல்ல. நாளை எந்தப் பக்கம் என்பது.

மனிதரின் கதையையும் சொல்லியாக வேண்டும். கிரான்வில் கூட்டங்களில் பியானோ வாசிக்கும் சிம்பன்சியோடு தோன்றுவார். ஒருமுறை நீச்சல் குளத்தின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பலகை போட்டு, தண்ணீர்மேல் நடப்பதுபோல் நடந்து காட்டினார். 1981 ஜனவரி 6ஆம் தேதி இரவு தம் சந்தாதாரர்களுக்கு அவர் அனுப்பிய செய்தி: எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். மறுநாள் டவ் ஜோன்ஸ் குறியீடு 23.80 புள்ளிகள், அதாவது நூற்றுக்கு 2.4 அளவு சரிந்தது. அதுவரை கண்டிராத வகையில் ஏறத்தாழ 9 கோடியே 30 இலட்சம் பங்குகள் கைமாறின.

குறிகாட்டி பலித்துவிட்டது என்று சொல்லலாமா? அவர் சொன்னதால்தானே அத்தனை பேர் விற்றார்கள்! காய்ச்சலை அளக்கப்போன வெப்பமானியே காய்ச்சலை ஏற்றிவிட்ட கதை இது. ஆயினும் நியாயமாகப் பார்த்தால், அதற்குப் பின் வந்த ஒன்றரை ஆண்டில் சந்தை மொத்தத்தில் இறங்கத்தான் செய்தது. 1004இல் இருந்த குறியீடு 1982 ஆகஸ்டில் 777க்கு வந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து பல ஆண்டு நீடித்த பெரிய ஏற்றம் தொடங்கியது. கிரான்வில் அப்போதும் விற்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் 1981 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பூகம்பம் தாக்கும் என்றும் அறிவித்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. சந்தைக் கடிதங்களின் பலனைக் கணக்கெடுத்துவந்த ஹல்பர்ட் ஃபைனான்ஷியல் டைஜஸ்ட் என்ற வெளியீட்டின் 25 ஆண்டுப் பட்டியலில் அவருடைய கடிதம் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தது.

எழுபது, முப்பது

வெல்ஸ் வைல்டர் என்ற பொறியியலாளர் 1978இல் ஒரு நூலில் ஒன்றுக்கு நான்கு குறிகாட்டிகளை வெளியிட்டார். அவற்றுள் புகழ்பெற்றது ஆர்.எஸ்.ஐ. 14 நாட்களின் சராசரி ஏற்றத்தைச் சராசரி இறக்கத்தோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணாக்குவது அது. ஏற்றம் சராசரி 2 ரூபாய், இறக்கம் 1 ரூபாய் என்றால் எண் ஏறத்தாழ 67. எழுபதைத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், முப்பதுக்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்று பொருளாம். ஏன் 14? ஏன் 70? இயற்பியலில் ஒரு மாறிலி வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம். இங்கே கேட்டால் பதில் வழக்கம் என்பதுதான். வலுவாக ஏறும் பங்கில் இந்த எண் வாரக்கணக்கில் எழுபதுக்கு மேலேயே நிற்கும். எழுபதில் விற்றவர் ஏமாந்து நிற்பார். அப்போது, "வலுவான ஏற்றத்தில் இந்த விதியைப் பார்க்கக் கூடாது" என்கிறார்கள். வலுவான ஏற்றம் என்பது எப்போது தெரியும்? முடிந்த பிறகுதான்.

எண்ணிப் பார்த்தவர்கள்

வாதத்தை விட்டுவிடுவோம். எண்ணினால் என்ன கிடைக்கிறது? முதலில் எண்ணியவர் ஆல்ஃபிரட் கவுல்ஸ். காசநோய்க்காகக் கொலராடோ மலைப்பகுதியில் தங்கியிருந்த செல்வக் குடும்பத்து மனிதர். 1929 வீழ்ச்சியை எந்தச் சந்தைக் கடிதமும் ஒழுங்காக முன்னறிவிக்கவில்லையே என்ற கேள்வி அவரைக் குடைந்தது. தி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆசிரியர் வில்லியம் பீட்டர் ஹாமில்டன், டவ் கொள்கை எனப்படும் வரைபட முறைப்படி 1903 முதல் 1929 வரை எழுதிய தலையங்கங்களைக் கவுல்ஸ் வரிசையாக எடுத்துக்கொண்டார். 1929 அக்டோபர் 25ஆம் தேதி ஏற்றம் முடிந்தது என்று ஹாமில்டன் எழுதியதை அவருடைய அன்பர்கள் இன்றும் சொல்லி மகிழ்வதுண்டு. நான்கு நாளில் பெரும் வீழ்ச்சி வந்தது உண்மையே. ஆனால் அது ஒரே ஒரு தலையங்கம். 26 ஆண்டில் நிலையை மாற்றச் சொன்னவை 90. அவற்றில் சரியானவை 45, தவறானவை 45! ஹாமில்டன் சொன்னபடி நடந்தவருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 கிடைத்திருக்கும். வாங்கிவிட்டுச் சும்மா இருந்தவருக்கு 15.5. இதை 1933இல் வெளியிட்டார் கவுல்ஸ்.

இது கடைசித் தீர்ப்பல்ல. 1998இல் பிரவுன், கோட்ஸ்மன், குமார் என்ற மூவர் அதே தலையங்கங்களை மீண்டும் அலசினார்கள். ஹாமில்டன் பல காலம் பணத்தைச் சந்தைக்கு வெளியே வைத்திருக்கச் சொன்னார், ஆகவே அவர் ஏற்ற அபாயம் குறைவு, அதையும் கணக்கில் சேர்த்தால் அவர் மோசமில்லை என்றார்கள். எனக்கு இந்தத் திருத்தம் நியாயமாகவே படுகிறது.

1992இல் பிராக், லகோனிஷாக், லெபரான் ஆகியோர் 1897 முதல் 1986 வரையிலான டவ் ஜோன்ஸ் விலைகளில் நகரும் சராசரி முதலிய எளிய விதிகள் 26ஐ ஓட்டிப் பார்த்து, அவை ஓரளவு பலிப்பதாகக் கண்டனர். வரைபடப் பிரியர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. ஆயிரம் பேர் பத்துத் தடவை நாணயம் சுண்டினால் அவர்களில் ஒருவருக்குப் பத்தும் தலை விழுவது எதிர்பார்க்கக் கூடியதே; அவரைத் தலை போடும் வித்தகர் என்று சொல்ல மாட்டோம். அதுபோல, ஒரு நூற்றாண்டாகப் பலர் பல்லாயிரம் விதிகளை முயன்று, பலித்தவை மட்டும் புத்தகங்களில் தங்கியிருந்தால்? 1999இல் சல்லிவன், டிம்மர்மன், ஒயிட் ஆகியோர் ஏறத்தாழ 8000 விதிகளை ஒருசேர எடுத்துக்கொண்டு இந்தத் தேர்வுக் கோளாற்றுக்கும் இடம் கொடுத்துக் கணக்கிட்டார்கள். பழைய காலத்தில் சிறந்த விதி அந்தச் சோதனையிலும் தேறியது. அதே விதியை, அடுத்து வந்த 1987 முதல் 1996 வரையிலான பத்தாண்டில் ஓட்டியபோது அதன் வலிமை மறைந்துவிட்டது.

எதிர்த்தரப்புக்கும் சான்றுகள் உண்டு, மறைப்பது அழகல்ல. ஜெகதீஷும் டிட்மனும் 1993இல் காட்டியபடி, கடந்த மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களில் மற்றவற்றைவிட நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களும் சராசரியாக முந்தி நிற்கின்றன. விலைக்கு நினைவே இல்லை என்று அடித்துச் சொல்வது ஆகவே தவறு. ஆனால் இது நூற்றுக்கணக்கான பங்குகளின் சராசரியில் தெரியும் மெல்லிய சாய்வு. 2009 வசந்த காலத்தில் இதுவே தலைகீழாகி, நம்பியவர்களைப் பலமாக அடித்தது. கைபேசியில் ஐந்து நிமிடக் கோட்டைப் பார்த்து ஒரு பங்கை வாங்குவதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது, மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதை வைத்து இன்று மாலை நாலரை மணிக்குத் தூறும் என்பதற்குச் சமம்.

செலவையும் மறந்துவிடுகிறோம். ஒரு முறை வாங்கி விற்க, தரகும் வரியும் விலை இடைவெளியும் சேர்ந்து நூறு ரூபாய்க்கு 20 பைசா என்று வைத்துக்கொள்வோம். சின்னத் தொகைதான். குறிகாட்டி பாதி சரி, பாதி தவறு என்று லாப நட்டமில்லாமல் போனாலும், ஆண்டுக்கு 200 முறை வாங்கி விற்றால் 100 ரூபாய் 67 ரூபாயாகிவிடும்.

இந்தியப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குகள் சார்ந்த முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டார்கள். நட்டத்தின் மொத்தம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் எத்தனை பேர் குறிகாட்டிகளை நம்பினார்கள் என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே பழி முழுவதையும் கோடுகளின் தலையில் போட மாட்டேன். கோடுகள் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் தெளிவு.

குறிகாட்டி ஒன்று பலிக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் மறுக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பணம் வேண்டாம், குறிப்பேடு போதும். எத்தனை நாள் சராசரி, எந்த எண்ணில் வாங்குவது, எதில் விற்பது என்பதை முதலிலேயே மையால் எழுதி, தேதி போட்டுவிடுங்கள். பிறகு மாற்றக் கூடாது. ஆறு மாதம், பலித்ததையும் பலிக்காததையும் விடாமல் குறித்து, ஒவ்வொன்றுக்கும் செலவைக் கழியுங்கள். அதே பங்கை முதல் நாள் வாங்கிச் சும்மா வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆரம்பத்தில் நாணயம் சுண்டி வரைந்தீர்களே, அந்தத் தாளைத் தொலைத்துவிட வேண்டாம். அதே விதியை அதன்மேலும் ஓட்டிப் பாருங்கள். அதுபோல் இன்னும் பத்துத் தாள்கள் வரைந்து அவற்றின் மேலும் ஓட்டுங்கள். சந்தையில் உங்கள் விதி காட்டிய லாபம் இந்த நாணயத் தாள்களிலும் அடிக்கடி தட்டுப்பட்டால், அது சந்தையைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.